நடுவில் இளைத்த இரும்பு

லிஃப்ட் நின்று கதவு திறந்ததும் எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டு வெளியே வருவார்கள். என் சகலை மட்டும் குனிந்து தரையைப் பார்ப்பார். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, "அரை நூல் இறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி அரை நூல். பின்னால் நிற்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருமுறை மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த நோயாளியே, "பரவால்ல சார், நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலை செய்த இடத்தில் அவருக்குப் பெயரே அரைநூல்தான். ஓய்வு பெற்ற அன்று வாங்கிய கேக்கிலும் அதையே எழுதினார்கள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, எழுத்து இடது பக்கம் ஏறியிருக்கிறது என்றார்.

அவர் போய் ஆறு வாரம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வாக்கியம் யாருக்கும் பொருந்தும்; அவருக்கென்று அளந்து வெட்டியது இல்லை. ஒரு மெஷினுக்குச் சட்டம் தேடி அவர் பட்ட பாட்டைச் சொன்னால் ஆள் கொஞ்சம் தெரிவார் என்று தோன்றுகிறது.

அவருடைய மனைவி என் மனைவிக்கு அக்கா. எனக்கும் அக்காதான். பாலர் பள்ளிகளுக்கு மரப் புதிர்ப் பலகைகள் செய்து கொடுப்பது அவள் தொழில். பலகையில் யானை வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். யானையை எடுத்து அதில் பொருத்த வேண்டும். குதிரைக்கு ஒன்று, ஆமைக்கு ஒன்று. தலைமுடி போன்ற பிளேடு மாட்டிய கைரம்பத்தால் இருபது வருடமாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "ரம்பத்தை விடலைன்னா அடுத்த வருஷம் கரண்டி கூடப் பிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அதே வாரத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. இருநூற்று நாற்பது பலகைகள், ஐந்து மாதத்தில், பள்ளி திறப்பதற்குள். முடியாது என்றால் தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கில் வாங்கிக்கொள்வார்கள்; பிறகு மரத்தின் பக்கம் திரும்ப மாட்டார்கள். ஒன்று கை போகும், இல்லையென்றால் தொழில் போகும். அக்கா ஆர்டரை ஒத்துக்கொண்டுவிட்டு மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சகலைக்கு ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. "நீ ஏன் கவலைப்படற? நான் ஒரு சி.என்.சி. மெஷின் கட்டித் தரேன்" என்றார். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுக் கொடுத்தால், சுழலும் கத்தி தானாக நகர்ந்து மரத்தை அதே வடிவத்தில் வெட்டித் தரும் மெஷின். மோட்டார், திருகு தண்டு, மின்சார அட்டை எல்லாம் பத்து நாளில் ஒரே பெட்டியில் வந்து இறங்கின. மிச்சம் இருந்தது சட்டம் மட்டும். கத்தியும் மோட்டாரும் உட்காருவதற்கு ஐந்தடி நீளத்தில் சில உத்தரங்கள் வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் நான்கு மாதம் போயிற்று.

"மோட்டார் யார் வேணா வாங்கலாம் சகல. எலும்புதான் முக்கியம். எலும்பு ஆடினா கத்தி ஆடும். கத்தி ஆடினா யானைக்குத் தும்பிக்கை கோணலா வரும்."

"யானைக்குத் தும்பிக்கை கோணலாத்தாங்க இருக்கும்" என்றாள் அக்கா, ரம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எந்த உத்தரமானாலும் இரண்டு பரீட்சை. முதல் பரீட்சை, பளு வைத்தால் எவ்வளவு தொய்கிறது என்பது. இரண்டு செங்கல் மேல் உத்தரத்தை வைத்து, கடிகார முகம் போல முள் ஓடும் ஒரு டயல் கேஜை அடியில் நிறுத்தி, மேலே என்னை உட்கார வைப்பார். நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். என்னிடம் அவருக்குப் பயன்பட்டது என் எடை ஒன்றுதான்.

"காலைல சாப்டியா?"

"சாப்ட்டேன் அண்ணே."

"எவ்வளவு?"

"வழக்கம்போலத்தான்."

"வழக்கம்போலன்னா எழுத முடியாது. வா, எடை மெஷின்ல ஏறு." ஏறுவேன். எண்பத்திரண்டரை. பென்சிலால் எழுதிக்கொள்வார். எப்போதும் பென்சில்தான், பேனா என்றால் ஈரம் பட்டால் அழிந்துவிடும் என்பார். "மூச்ச மெதுவா விடு. முள்ளு ஆடுது."

இரண்டாவது பரீட்சை நேர். அதற்கு ஒரு குறையில்லாத சமதளம் வேண்டும். அது அவர் வீட்டிலேயே இருந்தது: சமையல் மேடை. அதற்கும் பதினோரு வருடத்துக்கு முன் வீடு கட்டியபோது கொத்தனாரிடம் சண்டை போட்டு அவரை அனுப்பிவிட்டு, ஏழடி நீளக் கறுப்பு கிரானைட் பலகையை இரண்டு நாள் முட்டி போட்டு உட்கார்ந்து அவரே பதித்தது. புதிதாக யார் வந்தாலும் அடுக்களைக்கு அழைத்துப் போய்த் தடவிப் பார்க்கச் சொல்வார். "இந்த வீட்ல நேரா இருக்கறது இது ஒண்ணுதான்" என்பார்.

"இருக்கறவங்களையும் சேர்த்துத்தான் சொல்றார்" என்பாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பு கூடத்துக்குப் போய்விடும். மேடையைத் துடைத்துக் காய வைத்து, உத்தரத்தை அதன் மேல் கிடத்தி, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கம் மேடையில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். உத்தரம் நேராக இருந்தால் அடியில் வெளிச்சம் வரக்கூடாது.

முதலில் மரம். பழைய கட்டடம் ஒன்றில் கழற்றிய, நன்றாகக் காய்ந்த உத்தரம். நான் உட்கார்ந்து தேறியது. மேடையில் கிடத்தினால் நடுவில் வெளிச்சம். "மரம்னா அப்படித்தான். மழை வந்தா ஒண்ணு, வெயில் வந்தா ஒண்ணு. மாமியார் மாதிரி" என்று தள்ளிவைத்தார். அவருடைய மாமியார் என்பவர் என் மாமியாரும்தான்.

அடுத்தது அலுமினியம். நான்கு பக்கமும் பள்ளம் ஓடுகிற பளபளப்பான சட்டம். அது வந்து சேரவே மூன்று வாரம். கிடத்தினார், நடுவில் வெளிச்சம். புரட்டிப் போட்டார். அப்போதும் நடுவில்தான் வெளிச்சம்.

"ரெண்டு பக்கமும் உள்ள வாங்கியிருக்கு சகல."

"அப்படி ஆகுமா அண்ணே?"

"ஆகியிருக்கே!"

அதை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பால்கனியில் துணி காயப்போட வசதியாக இருந்தது. "அத்தான் வேண்டாம்னு தள்ளினதே இவ்வளவு நல்லா இருக்குன்னா, வேணும்னு எடுத்தா எப்படி இருக்கும்!" என்று என் மனைவி பூரித்துப்போனாள்.

பிறகு இரும்பு. கனமான சதுரக் குழாய்கள். நான் உட்கார்ந்தபோது முள் அசையக்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. சகலையின் முகம் மலர்ந்தது. மேடையில் கிடத்தி டார்ச் அடித்தார். மலர்ந்த முகம் சுருங்கியது. புரட்டினார். நான்கு பக்கமும் புரட்டினார். எல்லாப் பக்கமும் நடுவில் மெல்லிய ஒரு பிறை வெளிச்சம்.

இரும்புக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"நடுவுல இளைச்சிருக்கு" என்றார் கடைக்காரரிடம்.

"எது சார்?"

"குழாய்."

கடைக்காரர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார், முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். துருப் பிடிச்சிருக்குன்னு வருவாங்க, எடை குறையுதுன்னு வருவாங்க. இளைச்சிருக்குன்னு இன்னிக்குத்தான் வர்றாங்க. ஏன் சார், கவலையில இருந்திருக்குமோ?"

கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். கடைக்காரரே அளவுகோலைக் கொண்டுவந்து ஓரத்திலும் நடுவிலும் பிடித்துக் காட்டினார். ஒரே தடிமன். சகலை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து, அவனுடைய அளவுகோல் தேய்ந்துபோயிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். புதிதாக ஒன்று வாங்கினார். அதுவும் கடைக்காரர் பக்கமே பேசியது. டார்ச்சை மாற்றினார். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றினார். உலகத்தில் இருந்த எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டார், கல்லைத் தவிர.

இரும்புக் குழாய்கள் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரருக்குப் போயின. அவர் செங்கல் அடுக்கி அவற்றின் மேல் பதினாறு பூந்தொட்டிகளை வைத்துவிட்டார்.

இதற்குள் நான்கு மாதம் ஓடியிருந்தது. அக்கா பட்டை கட்டிய கையோடு தொண்ணூறு பலகைகளை முடித்திருந்தாள். கடைசி வாரத்தில் மூன்றுதான் வெட்ட முடிந்தது. டம்ளரை இடது கையால் எடுக்கத் தொடங்கியிருந்தாள். சகலை பார்க்காதபோது அப்படி எடுப்பாள். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் இருப்பார். எனக்கு அது தெரியும். ஒருநாள் எடை மெஷினில் என்னை நிறுத்திவிட்டு எண்ணை எழுதாமல் நின்றார். "அஞ்சு வாரம்தான் இருக்கு சகல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அடுக்களைத் தரையில் ஒரு சிமெண்ட் மூட்டை. மேடை மேல் நீளவாக்கில் பலகை அடித்து ஒரு தொட்டி. உள்ளே பிளாஸ்டிக் விரித்திருந்தது.

"கான்கிரீட்!" என்றார். முகத்தில் புதுக்களை. "இனிமே எவனையும் நம்பப் போறதில்ல. உத்தரத்தை நானே வார்த்துக்கறேன். இந்தக் கல்லு மேலயே வார்த்தா, கல்லோட முகம் அப்படியே அதுல இறங்கிடும். கல்லு நேர்னா அதுவும் நேர். எப்படி?"

கூடத்தில் அடுப்போடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்து வாசலில் நின்றாள். "எவ்வளவு நாள் காயணும்?"

"இருபத்தெட்டு நாள். கான்கிரீட்டுக்கு அதான் கணக்கு."

"அப்புறம் ஏழு நாள்ல மெஷின் கட்டி, நூத்தம்பது பலகை வெட்டிடுவீங்க."

"ராத்திரி பகலா உக்காந்தா..."

"என்னங்க, நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடறேன். அவங்களாவது நேரத்துக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கட்டும்." போன் இடது கையில் தயாராக இருந்தது.

"அவசரப்படாத. இதுதான் கடைசி. கல்லு எப்படி இருக்கோ அச்சு அசலா அப்படியே இறங்கும். ஒரு மயிரிழை மாறாது."

"அப்போ குழியும் சேர்ந்துதானே இறங்கும்?"

"எந்தக் குழி?"

சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது அக்காவின் முகம். பிறகு குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில், மேடையின் ஓரத்தில் மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் வழி கேட்காமல் நகர்ந்து போனது. தினமும் போகிற வழி போலிருக்கிறது. நேராக நடுவுக்குப் போய், முட்டை வடிவத்தில் தேங்கி நின்றது. பின்னாலிருந்து ஒரு துணியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"பதினோரு வருஷமா இதைத்தான் தொடைச்சிட்டிருக்கேன்."

சகலை தண்ணீரைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"ரெண்டு நாள் முட்டி போட்டு உக்காந்து போட்ட கல்லு. வர்றவங்களை எல்லாம் கூப்ட்டு தடவிப் பாக்கச் சொல்றீங்க. எனக்கு என்ன, தொடைக்க ஒரு துணி போதும். இப்போ கேக்கறீங்க, சொல்றேன்."

நான் சிமெண்ட் மூட்டையில் அச்சடித்திருந்ததை முழுவதும் படித்துவிட்டேன்.

அவர் உள்ளே போய் நூல் உருண்டையைக் கொண்டுவந்தார். முப்பத்தோரு வருடம் லிஃப்டின் தண்டவாளங்களை நேர் பார்த்தது இழுத்துக் கட்டிய நூலால்தான். கையில் அது இருக்கும்போது கல்லைத் தேடிப் போயிருக்கிறார். தொட்டியைப் பிரித்தார். நூலை மேடையின் இரு முனைகளிலும் விண்ணென்று இழுத்துக் கட்டினார். நடுவில் நூலுக்கும் கல்லுக்கும் இடையே, தடிமன் பொறித்த மெல்லிய அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். கடைசியில் ஒரு தகட்டில் நின்றுவிட்டார்.

"எவ்வளவு அண்ணே?"

அக்கா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் இத்தனை வருடத்தில் தகடு பார்க்கத் தெரிந்திருந்தது.

"அரை நூல்" என்றாள்.

முதலில் சிரித்தது யார் என்று எனக்கு நினைவில்லை. நான் இல்லை. சிரித்து முடித்துப் பார்த்தபோது சகலை சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "கண்ணு டாக்டர்கிட்ட போய் அந்த ஆளையும் சந்தேகப்பட்டுட்டு வந்தேனே" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். அன்று மாலையே எங்கள் பால்கனிக்கு வந்து, ஈரத்துணிகளை என் மனைவி தோளில் அடுக்கிவிட்டு, அலுமினியச் சட்டத்தைக் கழற்றினார். நூல் கட்டிப் பார்த்தார். "வாள் மாதிரி நேரா இருக்கு!" என்று அதை என்னிடம் திட்டுவது போல் சொன்னார்.

"எங்க துணிக்கு அத்தான்?" என்றாள் என் மனைவி.

"வேற ஒண்ணு தரேம்மா. சத்தியமா."

மருந்துக்கடைக்காரர் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "இளைச்சிருக்குன்னுதானே குடுத்தீங்க?"

"இப்போ தேறிடுச்சு."

"என் தொட்டி மேல இருந்து தேறியிருக்கு. அப்போ வைத்தியம் பாத்தது நான்" என்று வாதாடி, பதினாறு தொட்டிகளையும் சகலையே தூக்கி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையில் விட்டார். இரும்புக் கடைக்கு மட்டும் சகலை தனியாகப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "உடம்பு எப்படி இருக்கு சார், குழாய்க்கு?" என்று விசாரிப்பார்.

அடிச்சட்டம் இரும்பு, மேலே குறுக்கே நகர்கிற பாலம் அலுமினியம். இரும்புக்குக் கனம் வேண்டும், ஆடாமல் உட்கார. பாலத்துக்குக் கனம் கூடாது, விரைந்து நகர. முதல் நாளே அக்கா இதைச் சொன்னதாக அக்கா சொல்கிறாள். பன்னிரண்டு நாளில் மெஷின் எழுந்து நின்றது. முதல் யானை வெட்டி முடிந்ததும் சகலை தகடுகளை எடுக்கப் போனார். அக்கா அதற்குள் யானையைப் பள்ளத்தில் பொருத்தி, பலகையைக் கவிழ்த்தாள். விழவில்லை. லேசாக ஓர் உலுக்கு. விழுந்தது. அவளுடைய பரீட்சை அதுதான். "சரியா இருக்கு" என்று சொல்லி, ரம்பத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, டீ போடப் போனாள்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது இருநூற்று நாற்பதும் போய்ச் சேர்ந்தன. அவை போவதற்கு முன் சகலை ஒரு காரியம் செய்தார். அக்கா கையால் வெட்டிய யானையையும் மெஷின் வெட்டிய யானையையும் எடுத்துத் தகடு செருகிப் பார்த்தார். கையால் வெட்டியதில்தான் இடைவெளி குறைவு. மெஷினின் மேல் பென்சிலால் அதை எழுதி வைத்தார். இன்னும் இருக்கிறது.

மேடையைப் பெயர்த்து மறுபடி பதித்துத் தருவதாகச் சொன்னார். "யாரு, நீங்களா? வேண்டாம்" என்றுவிட்டாள் அக்கா.

எங்கள் பால்கனிக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார். முதலில் தள்ளிவைத்த அந்த மர உத்தரத்தை இழைத்து, வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்து மாட்டினார். நூல் கட்டிப் பார்த்திருக்கிறார்; எத்தனையோ அப்பாவிகளுக்கு நடுவில் உண்மையிலேயே வளைந்திருந்தது அது ஒன்றுதான். உள்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறார்: 'வளைவு 0.9 மி.மீ. நூல் கட்டிப் பார்த்தது. கல்லின் மேல் பழி இல்லை.'

ஒன்பது வருடமாக அதில்தான் துணி காய்கிறது. ஈரத்துணிகள் நடுவே வந்து சேர்ந்துகொள்கின்றன என்று என் மனைவி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் நானே ஒரு நூலைக் கட்டிப் பார்த்தேன். எனக்குத் தகடு பார்க்கத் தெரியாது. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டருக்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பள்ளிக்கு ஆமைகள் வெட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "அந்த உத்தரம் அரை நூல் இறங்கியிருக்கு அக்கா" என்றேன்.

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"எழுதி வைங்க தம்பி" என்றாள். "பென்சில்ல எழுதுங்க. பேனான்னா அழிஞ்சிடும்."